துரை சொன்னால் பொறுக்காது

கேள்வி: துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி வெளிநாட்டார் வாய் திறந்தாலே அமெரிக்கர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறதே, ஏன்?

பதில்: எல்லோருக்கும் வருவதில்லை. அதே குறையைத் தாங்களே சொல்லித் தொண்டை வற்றியவர்கள் அங்கே ஏராளம். மற்றவர்களுக்கு வரும், சொல்பவர் இங்கிலாந்துக்காரர் என்றால் இரட்டிப்பாக வரும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சிஎன்என்னில் நிகழ்ச்சி நடத்திய இங்கிலாந்துக்காரர் பியர்ஸ் மார்கன் ஒரு துப்பாக்கி ஆதரவாளரை முகத்துக்கு நேரே முட்டாள் என்றார். அவரை நாடு கடத்தச் சொல்லி வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். அவர் நிகழ்ச்சிக்கே வந்த வானொலிப் பேச்சாளர் அலெக்ஸ் ஜோன்ஸ், துப்பாக்கியில் கை வைத்தால் 1776 (பிரிட்டனை எதிர்த்த புரட்சி) மறுபடி ஆரம்பமாகும் என்று கத்தினார். வெள்ளை மாளிகை மனுவை ஏற்கவில்லை. துப்பாக்கிக்கு உரிமை தருவது அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம். வாய்க்குத் தருவது முதல் திருத்தமாயிற்றே! இதற்கிடையில் இன்னொரு மனு: மார்கனை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்டனில் யாரும் அவரைக் கேட்கவில்லை.

கேள்வி: ஆஸ்திரேலியா செய்து காட்டியதே?

பதில்: செய்தது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், பிரதமர் ஜான் ஹோவர்ட் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தார். 'உங்கள் அரசியல் சாசனத்தில் இந்த உரிமை கிடையாது, எங்களுக்கு உண்டு' என்பது அமெரிக்கர் பதில். நியாயமான பதில்தான், ஹோவர்டே ஒப்புக்கொண்டது.

கேள்வி: வெளியார் சொல்லை அவர்கள் காதில் வாங்கியதே இல்லையா?

பதில்: ஒரு தடவை வாங்கினார்கள். 1992இல் லூசியானாவில், ஹாலோவீன் விருந்துக்குப் போன ஜப்பானிய மாணவன் வீடு மாறி மணியடித்துச் சுட்டுக் கொல்லப்பட்டான். பெற்றோர் யாரையும் திட்டவில்லை. பதினாறு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனிடம் நேரில் கொடுத்தார்கள். அதே மாதம், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கச் சொல்லும் பிராடி சட்டம் கையெழுத்தானது. பல ஆண்டுகள் இழுபட்ட மசோதா அது. அவர்களால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களை நாடு கடத்தச் சொல்லி யாரும் கிளம்பவில்லை.

கேள்வி: லண்டனில் கத்திக்குத்து இல்லையா என்று டிரம்ப் திருப்பிக் கேட்டாரே?

பதில்: கேட்டார், 2018 மே மாதம், டல்லாஸில் துப்பாக்கிச் சங்க மாநாட்டில். அவர் பேசிய அரங்குக்குள் பாதுகாப்புக் காரணமாகத் துப்பாக்கிக்கு அனுமதியில்லை. கத்திக்கும்தான்.