கோட்டை விட்ட படலம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. 40 கிலோ எடை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் கல்லூரியில் செயற்கைக்கோள் ஆய்வகத்துக்கு ஆள் பிடித்தார்கள். புல்லரித்துப்போய்ப் பெயர் கொடுத்தேன். "என் பையன் ராக்கெட் விடுறான்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் விட்டதெல்லாம் கோட்டைதான்.

என் பொறுப்பில் வந்தது மேக்னடோமீட்டர். பூமியின் காந்தப்புலத்தை அளந்து, செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணிக்க உதவும் உணரி. சென்னைப் பக்கம் அந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. எங்கள் மேசையிலோ எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. நான் கிட்டே போனால் எகிறும். டீ குடிக்கப் போனால் அடங்கும். சென்சார் மட்டம் என்றேன். சர்க்யூட் போர்டு செய்த ஜூனியரைக் கடிந்துகொண்டேன். ஃபேன் மோட்டார்தான் காரணம் என்று அதையும் நிறுத்தி, எல்லோரையும் வேர்க்க வைத்தேன். பேராசிரியர் வந்து சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி, சட்டைப் பையில என்ன?"

"போன் சார்."

அதன் ஸ்பீக்கருக்குள் காந்தம். வெளியே வைத்ததும் எண் சமர்த்தாக நின்றது. ஜூனியர் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டியிருந்தால் தேவலாம்.

ஆதித்யா-எல்1 விண்கலத்தில் இந்த உணரிகளை 6 மீட்டர் நீளக் கை ஒன்றில் வைத்திருக்கிறார்கள். நுனியில் ஒன்று, பாதி வழியில் ஒன்று. அங்கே அளக்க வேண்டியது சில நானோடெஸ்லாதான். விண்கலத்தின் சொந்தக் காந்தமே அதைக் கெடுத்துவிடும். இரண்டு உணரிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்து அந்தக் கலப்படத்தைக் கழிக்கலாம். என்னைக் கழிக்க ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

அதோடு அடங்கினேனா? அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோள் ஒன்றின் சிக்னலைப் பிடிக்க, 12.40-க்கு வரும் என்று நள்ளிரவில் எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஏற்றினேன். யாகி ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொசுவுக்கு ரத்த தானம். அட்டவணையில் இருந்தது யூடிசி நேரம். ஐந்தரை மணி கூட்ட வேண்டும். காலை 6.10-க்கு அது எங்கள் தலைக்கு மேல் போனபோது அத்தனை பேரும் குறட்டை.

மேக்னடோமீட்டர் இப்போது ஜூனியரின் பொறுப்பு. ஆய்வகத்துக்குள் வருகிறவர்களிடம் போனை வாங்கி வைப்பது என் பொறுப்பு. இதுவரை ஒரு போன்கூடத் தொலையவில்லை.