ரம்பொடை முடக்குகளும் காலை ரொட்டியும்: மலையக பஸ்களில் பிள்ளை வாந்தி பற்றிய ஓர் ஆய்வு

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட நாள்தொட்டு மலையகம் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். கொழுந்து எப்படி வாடுகிறது, எப்படி அரைபடுகிறது, எவ்வளவு நேரத்தில் நிறம் மாறுகிறது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காலை ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றுவிட்டு கம்பளையில் பஸ் ஏறிய ஐந்து வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் நடப்பதைத்தான் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை நீக்கும் பொறுப்பை இக்கட்டுரை ஏற்கிறது.

ஆய்வுக் களம் கண்டி–நுவரெலியா வீதி. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டரில். எண்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் இவ்வளவும் ஏற வேண்டும் என்றால் வீதி நேராகப் போக முடியாது. புசல்லாவையில் லேசாக நெளியும், ரம்பொடையில் முறுக்கிக்கொள்ளும், லபுக்கலையில் தன்னைத் தானே தேடித் திரும்பிப் பார்க்கும். வரைபடத்தின்படி இது வெப்பமண்டல நாடு. ஆனாலும் லபுக்கலையைத் தாண்டியதும் பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார்கள், பிள்ளையின் தலையில் கம்பளித் தொப்பி ஏறும், அதற்கு மேல் அம்மாயியின் சால்வை ஏறும். பின்னால் வரப்போகும் விபரீதத்துக்கு இந்த அன்புதான் மூலகாரணம் என்பது நமது கருதுகோள்.

வரலாற்றுச் சான்றுகளையும் பார்த்துவிடுவோம். 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கரின் வண்டி ரம்பொடைக் கணவாயில் குதிரைகளோடு பள்ளத்தில் உருண்டது. ஓட்டிவந்தவன் நடந்ததைத் தன் எசமானுக்குக் கடிதமாக எழுதினான். பேக்கர் அதைத் தம் நூலிலேயே சேர்த்துவிட்டார். முடக்கில் வண்டியே நிலைகொள்ளவில்லை எனும்போது வயிற்றைக் குறை சொல்வது நியாயமில்லை. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வந்தது வாந்தி இல்லை, வாந்திபேதி. பலர் வழியிலேயே புதைக்கப்பட்டார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு வருவோம்.

உடலியலாளர்கள் சொல்வது இது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உடல் திரும்பும்போது அவற்றுள் இருக்கும் நீர் அசைந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குச் சேதி அனுப்பும். கண் வேறு சேதி அனுப்பினால் மூளை குழம்பி வயிற்றைக் கலக்கும். உட்காது வேலை செய்யாதவர்களுக்குப் பயண மயக்கம் வருவதில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அரிது. அதற்கு மேல், பன்னிரண்டு வயது வரைதான் திருவிழா. டிரைவருக்கு வருவதில்லை, ஏனென்றால் அடுத்த முடக்கு எது என்பது வயிற்றுக்கு முன்பே அவருக்குத் தெரியும். கடலில் பிறந்து வளர்ந்தவர்போல் பேசப்படும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை கடல் மயக்கம் இருந்தது. ஆகவே இதில் வீரத்துக்கு வேலையில்லை.

இனி ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வையுங்கள். அதன் கண் ஜன்னலின் கீழ்க்கம்பிக்கும் கீழே இருக்கிறது. தெரிவதெல்லாம் முன்சீட்டின் முதுகு. காது 'இடப்பக்கம் முடக்கு' என்கிறது. முன்சீட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிறது. அதற்கு மேல் சால்வை, சாத்திய ஜன்னல், பக்கத்து மாமாவின் உடுப்பில் பீடி வாசம்.

தடுப்பு முறைகளில் மூன்று மரபுகள் உண்டு. எலுமிச்சை மரபினர் காயை மூக்கில் தேய்ப்பார்கள். ரம்பொடை வருவதற்குள் பிள்ளைக்கு எலுமிச்சை வாசமே வாந்தியின் முன்னறிவிப்பாகிவிடும். இஞ்சி மரபினருக்கு விஞ்ஞானத்தின் ஆதரவு கொஞ்சம் உண்டு, பிள்ளைகளின் ஆதரவுதான் இல்லை. மூன்றாவது பத்திரிகை மரபு. பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு வைப்பது, அல்லது அதன்மேல் உட்கார வைப்பது. 1930இல் தொடங்கிய வீரகேசரிக்கும் 1932இல் வந்த தினகரனுக்கும் இப்படியொரு மருத்துவப் பயன் வாய்க்கும் என்று நிறுவியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிறு இதழுக்குக் கனம் அதிகம் என்பதால் குணமும் அதிகம் என்பது தோட்டத்துப் பெரியவர்களின் கணிப்பு. காரணம் கேட்டால் "எங்க காலத்துல இருந்தே அப்படித்தான்" என்பார்கள். இதைவிட உறுதியான மேற்கோளைப் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் நான் கண்டதில்லை. எல்லா மரபினரும் கடைசியில் ஒன்றுசேரும் இடம் சொப்பிங் பேக். அது எப்போதும் ஓட்டையாகவே இருக்கும்.

"வெறும் வயித்தோட போனா மயக்கம் வரும், சாப்புடு சாமி" என்று அம்மாயி திணித்த மூன்றாவது ரொட்டியையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். அது நுவரெலியாவைப் பார்த்ததாகச் சான்றில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தீர்வு எளிது. பிள்ளை வீதியைப் பார்க்க வேண்டும். ஜன்னல் நான்கு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். சீட்டு முன்னுக்கு இருக்க வேண்டும். அந்த முன்சீட்டில்தான் நம் நாட்டு பஸ்களில் 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருக்கிறது. பிறவிக்கடலையே கடக்கப் பழகியவர்களுக்கு ரம்பொடை முடக்கு பெரிய காரியமா என்ற கேள்வியை இறையியலாளரிடம் விட்டுவிடுகிறேன்.

போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: மதகுருமார் சீட்டுக்கு அடுத்த சீட்டில் 'வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு' என்றொரு பலகை மாட்டுங்கள், தமிழில் எழுத்துப் பிழை இல்லாமல். அது வரும்வரை, முன்சீட்டில் இருக்கும் வாசகரே, வெளிறிய முகத்தோடு ஒரு பிள்ளை பஸ் ஏறினால் எழுந்து இடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அது உங்கள் பக்கத்தில்தான் நிற்கும்.