முட்டும் தட்டும்

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நிற்கும் இரும்பு முட்டுக்காலைப் பளாரென்று ஓர் அறை விட்டார். மேலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து, அவருக்குக் கொண்டுவந்த காப்பியில் விழுந்தது. "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்றார். முட்டுக்காலைத்தான்.

லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடு எங்களுடையது. இந்த வயது கல்கத்தா வீடுகள் பலவற்றுக்கும் 'கொடி-பொர்கா' கூரைதான்: கனத்த உத்தரங்கள், குறுக்கே சின்னச் சட்டங்கள், அதன்மேல் ஓடு, சுர்க்கி, சுண்ணாம்பு. எங்கள் உத்தரம் இரும்பு. ஈரச் சுவருக்குள் செருகியிருக்கும் அதன் முனை துருப்பிடித்துவிட்டது. துரு வீங்கும்; வீங்கினால் சுவர் வாயைப் பிளக்கும். அதனால்தான் இந்த முட்டு. உத்தரத்தைப் பலப்படுத்தி முட்டை எடுத்துவிடலாம் என்கிறார் எஞ்சினியர். அது எப்படி என்று விளக்கமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தத் தட்டல் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

சந்தேகம் இருந்தால் தட்டலாமா? சந்தேகம் இல்லையென்றால் எதற்குத் தட்ட வேண்டும்? மயிலாப்பூர் மாமா விரல் கணுவால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். இரும்பு என்ன சொல்லும்? 'ணங்' என்றது. "நான் நினைச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. மாடி வீட்டு வங்காளி தாதா இரண்டு தட்டுத் தட்டி, "கிச்சு ஹோபே நா" (ஒன்றும் ஆகாது) என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதிலேயே சாய்ந்துகொண்டு ராத்திரிச் சாப்பாட்டு நேரம்வரை அட்டா, அதாவது அரட்டை, அடித்தார். பேச்சு பௌபஜாருக்குப் போயிற்று. 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ சுரங்க இயந்திரம் நீர்ப்படுகையைக் குத்தியதையும், துர்கா பிதுரி லேனில் வீடுகள் சரிந்ததையும் விலாவாரியாகச் சொன்னார். ஒவ்வொரு வீடு விழும்போதும் என் முட்டுக்காலுக்கு ஓர் அறை.

கோளாறு உத்தரத்தில். அடி வாங்குவதோ ஒழுங்காக நிற்கிற முட்டுக்கால். உத்தரம் உயரத்தில் இருக்கிறது, கை எட்டாது. கைக்கு எட்டுகிறவன் வாங்கிக்கொள்கிறான். முப்பது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நான் மட்டும் யோக்கியமா என்பீர்கள். பூஜைப் பந்தல் மூங்கிலைக் கண்டால் எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் தட்டுவது பரிசோதனை.

"எடுத்துடுங்கோளேன், ஹால் பெரிசாயிடும்" என்று யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாங்கலில்லாத நீளம் இரட்டித்தால், அடிக்கு அதே பாரம் என்றாலும் தொய்வு 16 மடங்கு. ஹால் பெரிசாகும்தான், மேல்பக்கமாக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஜாக்கி வைத்து உத்தரத்தின் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்க வேண்டும். முனை உட்காரும் இடத்தில் சுவருக்குள் காங்கிரீட் திண்டு. அதன் பிறகு... அதன் பிறகுதான் முக்கியமான கட்டம். அதை மிஸ்திரி செய்துகாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத முடியும். அவர் பூஜைக்கு அப்புறம் வருகிறாராம். எந்த வருஷத்துப் பூஜை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதுவரை என் வீட்டுக்கு வருகிறவர்கள், தட்டியே ஆகவேண்டுமென்றால், தயவுசெய்து சுவரைத் தட்டுங்கள்.

வேண்டாம். அது இன்னும் மோசம்.