கண்ணை மூடிப் பாக்கிற சேக்காளிக்கு ஒரு சோதனை

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. உன் சேக்காளி ஒருத்தன் கண்ணை மூடுனா பத்து மைல் தள்ளி இருக்கது தெரியுதுன்னு சொல்லுதானாமே? நீ அவனைச் சோதிக்கப் போறியாமே? ஆச்சி சொன்னா. நல்ல காரியம். ஆனா அவன் செயிக்கணுமா தோக்கணுமா, அதை முதல்ல முடிவு பண்ணிக்க. செயிக்கணும்னா அதுக்கு அமெரிக்காக்காரன் போட்டு வச்ச பாதை இருக்கு. முப்பது வருசம் நூலகத்துல தூசி தட்டுனவன் நான். தட்டுதப்ப நாலு பக்கம் படிக்காமயா இருந்திருப்பேன்?

கலிபோர்னியாவுல மென்லோ பார்க்குன்னு ஒரு ஊரு. அங்க ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துல ரஸ்ஸல் டார்க், ஹரால்டு புத்தாஃப்னு லேசர் படிச்ச ரெண்டு படிப்பாளிக 1972ல ஆரம்பிச்ச வேலை இது. துட்டுக்கு சி.ஐ.ஏ. ஒருத்தர் கார்ல கிளம்பி எங்கயோ ஒரு இடத்துக்குப் போவாரு. நிலையத்துல அடைஞ்சு கிடக்கவரு அந்த இடம் எப்படி இருக்குன்னு சொல்லணும். இதுல பேர் வாங்குன ஆளு பாட் பிரைஸ், முன்னாள் போலீஸ் கமிஷனர். 1974ல 'நேச்சர்'ங்கிற அறிவியல் பத்திரிகையிலயே வந்திருச்சுன்னா பாத்துக்கயேன்.

அதே பாதையில செயிக்கணும்னா உன் சேக்காளிகிட்ட சொல்லு, மேலோட்டமாப் பேசணும். "ஏதோ தண்ணி... உசரமா ஒண்ணு... வட்டமா என்னமோ..." இந்த மூணும் இல்லாத ஊரு எங்கலே இருக்கு?

என் மயிலைக்காளை காணாமப் போனப்ப மைபோட்டுப் பாக்கிறவர்கிட்டப் போனேன். வெத்தலையில மையைத் தடவி, விளக்கை ஒட்டிப் பிடிச்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் உத்துப் பாத்தாரு. "தெக்க... தண்ணி தெரியுது... பக்கத்துல ஒரு மரம்"னாரு. ரெண்டு நாள் தெக்க அலைஞ்சேன். காளை வடக்க, கண்மாய்க்கரை ஆலமரத்தடியில அசைபோட்டுக்கிட்டு நிக்கு. நான் என்ன செஞ்சேன்? தண்ணின்னாரு, தண்ணி இருக்கு. மரம்னாரு, மரம் இருக்குன்னு மெய்சிலிர்த்துப் போயி ஒரு சேவலைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். தெக்கு வடக்கா மாறுன கதையை ஆச்சிதான் பொறவு ஞாபகப்படுத்துனா. சேவல் அவ வளத்தது.

மென்லோ பார்க்குலயும் இதே கதைதான். ஒருக்கா பாலோ ஆல்டோவுல ரிங்கொனாடா பூங்கா நீச்சல்குளத்துக்குப் போயிருக்காக. பிரைஸ் ரெண்டு குளத்தைச் சொல்லிட்டாரு, ஆனா அது தண்ணி சுத்தம் பண்ணுத நிலையம்னுட்டாரு. சரி, தப்புன்னு தானே எழுதணும்? ரொம்ப வருசம் கழிச்சு டார்க் கண்டுபிடிச்சாரு, 1913ல அந்த இடத்துல ஊர்த்தண்ணி நிலையம் இருந்துச்சுன்னு. பிரைஸ் பழைய காலத்தையே பாத்துட்டாராம்! எங்க மைக்காரருக்கு இந்தச் சூட்சுமம் தெரிஞ்சிருந்தா, "போன மாசம் உன் காளை தெக்க நின்னதைத்தான் பாத்தேன்"னு ரெண்டாவது சேவலையும் வாங்கியிருப்பாரு.

இன்னொருத்தர், இங்கோ ஸ்வான்னு ஓவியர். 1973ல வியாழன் கிரகத்தைப் பாத்து, வளையம் இருக்குன்னாரு. 1979ல வாயேஜர் விண்கலம் போய்ப் பாத்தா வளையம் இருக்கு! அவரு பெரிய பெரிய மலையும் இருக்குன்னாரே, அந்தக் கிரகத்துல கால் ஊன்றத் தரையே இல்லையேன்னு நீ கேட்டுத் தொலைக்காத. விருந்துல போய் உப்பு கூடன்னு சொல்லலாமாலே?

ஆனா ஒரு எச்சரிக்கை. நியூசிலாந்துக்காரன் வந்தா வாசக்கதவைச் சாத்திரு. ஓட்டாகோ பல்கலைக்கழகத்துல டேவிட் மார்க்ஸ், ரிச்சர்டு காமன்னு ரெண்டு உளவியல் வாத்தியாருக. இதே சோதனையை 35 தடவை செஞ்சு பாத்தாக. ஒண்ணும் தேறல. ஆனா பாத்தவனை அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போய்க் காட்டுனா, "அட, நான் சொன்னதேதான்!"னு குதிக்கான். என்னை மாதிரியே.

பொறவு மென்லோ பார்க்குல எழுதி வச்ச பேச்சுக் காகிதங்கள்ல சிலது மார்க்ஸ் கைக்குக் கிடைச்சிருக்கு. அங்க தீர்ப்பு சொல்லுதவருகிட்ட அந்தக் காகிதங்களையும் இடங்களோட பட்டியலையும் குடுத்து, எது எதுக்குச் சேரும்னு பொருத்தச் சொல்லுவாக. அந்தப் பட்டியலு, போன வரிசைப்படியே இருந்துச்சாம். காகிதத்துல, "நேத்து பாத்த ரெண்டு இடம்"னு ஒரு பேச்சு கிடந்திருக்கு. நேத்து ரெண்டுன்னா இது மூணாவது. பட்டியல்ல மூணாவது பேரு என்ன? தீந்துச்சு சோலி. கடவுளும் வேண்டாம், ஞானக்கண்ணும் வேண்டாம், விரல் விட்டு எண்ணத் தெரிஞ்சாப் போதும். மார்க்ஸ் ஒரு இடத்தையும் போய்ப் பாக்காமலே பொருத்திக் காட்டிட்டாரு. 1978ல அதே நேச்சர்லயே எழுதுனாக. அந்தப் பக்கம் சும்மா இருக்குமா? மறுப்பு எழுதுச்சு, இந்தப் பக்கம் அதுக்கு ஒரு மறுப்பு. இதுக்கு நடுவுல ராணுவம் வேற ஆள் வச்சுப் பாத்து, 1995ல கடையைக் கட்டுதப்ப ரெண்டு கோடி டாலர் செலவாம். உளவு வேலைக்கு ஒருக்காகூட உதவலைன்னு அறிக்கை. ரெண்டு கோடி டாலருக்கு எத்தனை சேவல் வரும், நீயே கணக்குப் போடு.

இல்ல தாத்தா, நியாயமாத்தான் சோதிக்கணும்னா? உன் இஷ்டம். உறவு கெட்டா நான் பொறுப்பில்ல. அஞ்சு படம் எடு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம. ஒருத்தன் அடுத்த வீட்டுல சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒண்ணை எடுக்கணும், எடுத்தவன் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கக்கூடாது. சேக்காளி பாத்ததை எழுதி முடிச்ச பொறவு, எதை எடுத்தான்னு தெரியாத ஒரு ஆளு அஞ்சு படத்தையும் வச்சு ஒண்ணைக் கை காட்டணும். ஆச்சியைக் கூப்பிடு, அவளுக்கு யார் மேலயும் கரிசனம் கிடையாது. பத்துத் தடவைன்னா பத்து. மூணாவதுல செயிச்சான்னு நிறுத்தவும் கூடாது, தோத்துட்டான்னு "இது ஒத்திகை"ங்கவும் கூடாது. பத்துக்கு ரெண்டு குருட்டடியாவே விழும், அதுக்குக் கை தட்டாத. 2009ல இங்கிலாந்துல ரிச்சர்டு வைஸ்மன் ஊரையே கூட்டி, அஞ்சஞ்சு படத்தை வச்சுத்தான் ட்விட்டர்ல கேட்டாரு. நாலு தடவையும் ஊரு தப்பாத்தான் கை காட்டுச்சு.

என்ன, படம் போட்ட கவரெல்லாம் இப்பவே தயாரா? குடு பாப்போம். நல்லாத்தான் ஒட்டியிருக்க. மேல என்னலே பென்சில்ல? ஒண்ணு, ரெண்டு, மூணு... போ, அதை முதல்ல அழிச்சிட்டு வா.