தொப்பியில் கொஞ்சம் ரவை

ஹெட்போன் வாங்கப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பட்ஜெட் எவ்வளவு என்பார்கள். வயர் வைத்ததா, புளூடூத்தா என்பார்கள். ஆம்ப் இருக்கிறதா, டேக் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். இரண்டுமே இல்லை என்றால் துக்கம் விசாரிக்க வந்தவர்போல ஒரு பார்வை பார்ப்பார்கள். என்ன பாட்டு கேட்பீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

என் அக்கா மகனும் கேட்கவில்லை. சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கடனுக்கும் ஒரு பங்கு காதுக்கும் போகிறது. அலமாரி நிறைய ஹெட்போன். ஒவ்வொன்றையும் வாங்கும்போது "இதுதான் மாமா எண்டுகேம், இதுக்கு மேல எதுவும் வாங்கப்போறதில்ல" என்று சத்தியம் செய்வான். அந்தச் சத்தியத்துக்கு அடுத்த தீபாவளித் தள்ளுபடி வரை ஆயுசு. நான் யோசனை கேட்கப் போன அன்று, ஆகக் கடைசிச் சத்தியம் அவன் மேசைமேல் 'பொன்னியின் செல்வ'னைக் கவ்விக்கொண்டு நின்றது. புதிதில் மண்டையை இறுக்குமாம்; தலை அகலத்துக்குப் புத்தகத்தை அடுக்கி மாட்டிவைத்தால் தளருமாம்.

"படிச்சியாடா?"

"இல்ல மாமா. மூணு பாகம்தான் கரெக்டா இருக்கு. நாலாவதையும் வெச்சா ஓவரா விரியுது."

அவன் பேசுவதில் பாஸ், மிட்ஸ், ட்ரெபிள் வரைக்கும் என்னால் கூடவே போக முடியும். சவுண்ட்ஸ்டேஜ், இமேஜிங் என்று ஏறும்போது மூச்சு வாங்கும். வயலின் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, டிரம்ஸ் பின்னால், பாடுகிற அம்மாள் நடுவில் என்று மேடையே கண்ணை மூடினால் தெரிய வேண்டுமாம். தெரியட்டும். ஆனால் நான் கேட்பதில் பாதி மோனோ. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் படங்களில் பாடிய காலத்தில் பதிவில் இடம் வலம் என்ற பேச்சே கிடையாது. 1978இல் 'பிரியா' படத்துப் பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தது அன்றைக்குப் பெரிய சேதி. எவ்வளவு விலையுள்ள ஹெட்போனை மாட்டினாலும் பாகவதர் என் மண்டைக்கு நட்டநடுவில்தான் நிற்கிறார். அவரை ஓர் அங்குலம் நகர்த்த லட்ச ரூபாயாலும் ஆகாது. போதாததற்கு, அந்தக் காலத்துப் படச்சுருள் ஒலியில் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை துல்லியமாகக் காட்டும் கருவியை வாங்கினால், மேலே உள்ள பன்னிரண்டாயிரமும் வாடகைக்கு ஆள் வராத மாடி.

"அதுக்குத்தான் நல்ல ரெக்கார்டிங்கா கேக்கணும் மாமா" என்றான். நோய் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பாட்டுக்காக ஹெட்போன் வாங்குகிறோம். வாங்கிய பிறகு அந்த ஹெட்போனுக்கு எந்தப் பாட்டு ஒத்துவரும் என்று தேடுகிறோம். கடைசியில் சின்ன வயதிலிருந்து உயிராக இருந்த பாட்டெல்லாம் 'மோசமான ரெக்கார்டிங்' என்று ஓரங்கட்டப்பட்டு, மொழி தெரியாத யாரோ ஒரு நார்வேக்காரர் இருமுவதைத் தத்ரூபமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைக்குக் கூட்டிப்போனான். ஏசி, சோபா, யாரும் உரக்கப் பேசுவதில்லை. உலகத்தில் எந்த ஊர் ஆடியோ கடைக்குப் போனாலும் முதலில் போடுவது 'ஹோட்டல் கலிபோர்னியா'தான். அதிலும் ஈகிள்ஸ் குழு பிரிந்து மறுபடி சேர்ந்து 1994இல் வெளியிட்ட 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' ஆல்பத்தில் வரும் மேடைப் பதிவு. கிடார் மெதுவாகத் தொடங்கும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், அப்புறம் டிரம்மில் ஓர் அடி விழும். அந்த அடியில் வாயைத் திறந்த பர்ஸ்கள் ஏராளம்.

கடைத் தம்பி ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிவிட்டார். ஒவ்வொன்றும் முந்தியதைவிட விலை கூட, முந்தியதைவிடப் பிரமாதம். எனக்கே ஆச்சரியம், இந்த வயதில் காதுக்கு இவ்வளவு வித்தியாசம் தெரிகிறதா என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்புறம்தான் அவர் கட்டைவிரலைக் கவனித்தேன். விலை ஏற ஏற ஆம்பின் குமிழும் ஒரு நூல் ஏறிக்கொண்டிருந்தது. இதற்கு விளக்கம் 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். சத்தம் தணிந்திருக்கும்போது கீழ் ஸ்வரங்களும் உச்ச ஸ்வரங்களும் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் எழுந்து வந்து, ஒலி நிறைவாகிவிட்டது போலத் தோன்றும். கூட்டியது தெரியாத அளவுக்குக் கூட்டினால், 'சத்தமாக இருக்கிறது' என்று மனசு சொல்லாது. 'உயர்வாக இருக்கிறது' என்று சொல்லும். ஆகவே இரண்டு ஹெட்போனை ஒப்பிடுகிறவர் முதலில் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து, கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுத் தன் பாட்டைப் போடச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். மல்லாரி போட்டேன். 'காற்றோட்டமான ட்ரெபிள்' என்று அதுவரை புகழப்பட்டுக்கொண்டிருந்த மாடலில் நாதஸ்வரம் புறப்பட்டதும் எனக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்தது. கழற்றி மேசையில் வைத்தேன். வைத்த இடத்திலிருந்தும் கேட்டது. தம்பி பணிவாக, "சார், இந்த மாதிரி மியூசிக்குக்கு யாரும் டெமோ கேக்கறதில்ல" என்றார். கிடாருக்கு ஜிலுஜிலுப்பைக் கொடுக்கும் அதே ட்ரெபிள் மேடு, நாதஸ்வரம் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். மிருதங்கமும் தம்புராவும் கேட்கிற ஆள் மிருதங்கத்தையும் தம்புராவையும் கொண்டுபோகாமல் ஹெட்போன் வாங்கக் கூடாது.

விலை விஷயத்துக்கு வருகிறேன். யெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஸ்வரத்தை எவ்வளவு அழுத்தி ஒலிக்கிறது என்ற கணக்குக்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லை என்பது அதன் முடிவு. மருமகனிடம் சொன்னேன். "அது வெறும் ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸ் மாமா, மத்ததெல்லாம் இருக்கே" என்றான். மற்றது எது என்று கேட்டால் கையைக் காற்றில் அளைவான். நியாயமாகச் சொன்னால் மற்றது இருக்கத்தான் செய்கிறது: காதில் மெத்தென்று உட்கார்வது, கட்டுமானம், பத்து வருஷம் கழித்துப் பஞ்சு கிழிந்தால் மாற்றுப் பஞ்சு கிடைப்பது. இவற்றுக்குக் காசு கொடுக்கலாம். அவன் கையை அளையும் அந்த வஸ்துவுக்குக் கொடுப்பதற்கு நான் தயாராக இல்லை.

விலையின் உச்சம் எங்கே இருக்கிறது என்று அறிய ஆசைப்படுவோருக்கு: சென்ஹைசர் ஹெச்இ 1. 2015இல் அறிவித்தபோது விலை சுமார் 50,000 யூரோ. இன்றைய நம் பணத்தில் அரைக்கோடிக்குப் பக்கம். இத்தாலியின் கராராவில் வெட்டிய பளிங்குக்கல்லில் பீடம். விசையைத் தொட்டால் பளிங்குக்குள்ளிருந்து வெற்றிடக் குழாய்கள் மெல்ல எழுந்து வரும். 8 ஹெர்ட்ஸிலிருந்து ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும். மனிதக் காது, இளமையில், இருபதாயிரம் வரை கேட்கும். ஐம்பதைத் தாண்டிய என் காது பன்னிரண்டு பதின்மூன்றாயிரத்தில் கடையைச் சாத்திவிடும். மீதி எண்பத்தேழாயிரத்தை நான் காசு கொடுத்து வௌவாலுக்கு வாங்கித்தர வேண்டும். எங்கள் தெரு வேப்பமரத்தில் வௌவால்கள் இருக்கின்றன; ஆனால் அவ்வளவு நெருக்கமான பழக்கம் இல்லை.

அடுத்த பெரும்பிரச்சினை, திறந்ததா மூடியதா என்பது. ஓபன்-பேக் என்றால் கிண்ணத்தின் முதுகில் வலை. காற்றும் ஒலியும் தாராளமாகப் போய்வரும். அதனால் சங்கீதம் தலைக்குள் நெரிபடாமல் விரிந்து கேட்கும். குளோஸ்டு-பேக் என்றால் முதுகு அடைப்பு, வெளிச்சத்தம் குறையும். இதை எழுதுகிற விமர்சகர்கள் ஒரு 'அமைதியான அறை'யில் உட்கார்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். சென்னையில் அந்த அறைக்கு எந்த பஸ் என்று தெரியவில்லை. என் அறையில் காலை எட்டு மணிக்குத் திறந்த ஹெட்போனை மாட்டினால் முதல் கிடார் வருமுன் குக்கர் வரும். அப்புறம் எதிர்வீட்டு மிக்ஸி, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் பழைய இரும்பு பிளாஸ்டிக் கேட்பவர், மேலே ஃபேன். சவுண்ட்ஸ்டேஜ் அபாரம்: குக்கர் வலப்பக்கம், மிக்ஸி சற்றுத் தள்ளி, இரும்புக்காரர் இடமிருந்து வலமாக நகர்கிறார். சரி, மூடியதை மாட்டலாம் என்றால் மே மாதம் என்று ஒன்று இருக்கிறது. அரைமணியில் இரண்டு காதும் வெந்துவிடும்.

இதில் சமையலறைக்கு ஒரு சரித்திர உரிமை உண்டு. இன்றைய ஹெட்போனின் மூதாதையை 1910 வாக்கில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் செய்தார். அமெரிக்கக் கடற்படை அதை வாங்கிக்கொண்டது. அதில் பாட்டுக்கேட்கலாம், அதுவும் ஸ்டீரியோவில், என்று விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் காஸ், அது 1958. பால்ட்வின் வீட்டம்மாவுக்கு என்ன தோன்றியதோ. எங்கள் வீட்டில், "ஏங்க, அடுப்ப அணைங்கன்னு கத்துறேன், காதுல என்ன வெச்சிருக்கீங்க?" என்ற கேள்வி குளோஸ்டு-பேக் ரகத்துக்கு எதிரான அத்தனை தொழில்நுட்ப வாதங்களையும்விட வலுவானது. ஓபன்-பேக் முடிவாயிற்று. கேட்பது இரவு பத்துக்கு மேல், எல்லோரும் படுத்தபின்.

மிஞ்சியது ருசி. மருமகனுடைய கூட்டத்தில் பாஸ் பிடிக்கும் என்று சொல்வது கல்யாணப் பந்தியில் ஊறுகாயை மட்டும் மூன்றாம் தடவை கேட்பதற்குச் சமம். 'நியூட்ரல்' என்பதே அங்கே வேதம். பாஸ் என்பது ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு என்று நினைப்பு. ஆனால் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் வருஷக்கணக்கில் ஜனங்களை உட்கார்த்திவைத்துச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் விரும்பியது நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதுபோல் அடியில் சற்றே கனத்த ஒலியைத்தான். இன்னும் கொஞ்சம் பாஸ் போடு என்றது ஒரு சின்னக் கூட்டம், பெரும்பாலும் இளவட்டம். குறைத்துக்கொள் என்றவர்களில் ஐம்பது தாண்டியவர்கள் அதிகம். ஆராய்ச்சிப்படி நான் மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டியவன். ஆனால் இளவட்டத்தின் நடுவே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கிறேன், காரணம் மிருதங்கம். அதன் இடப்பக்கம், அதாவது தொப்பி, சும்மா தட்டினால் அவ்வளவு கனமாகப் பேசாது. கச்சேரிக்கு முன்னால் வித்வான் ரவையைத் தண்ணீரில் குழைத்து அதன் நடுவில் அப்புவார். தட்டிப் பார்ப்பார், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் அப்புவார். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். ரவை வைத்து பாஸ் ஏற்றிய பரம்பரை இது. எங்களிடம் வந்து நியூட்ரல் என்கிறான்.

கடைசியில் எடுத்தது சென்ஹைசரின் ஹெச்டி 600. 1997இல் வந்த மாடல், இன்னும் விற்கிறார்கள். 260 கிராம், அதனால் கழுத்து பிழைத்தது. குரல்கள் பிரமாதம். பஞ்சு, வயர், வலை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். என் கணக்கில் விலைக்கு அர்த்தம் சேர்ப்பது அதுதான். 300 ஓம் என்பதால் செல்போனில் நேராகக் குத்தினால் சோம்பல் முறிக்கும். ஆம்பும் டேக்கும் ஒன்றாய் அடங்கிய, சுண்டுவிரல் நீள டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவும் எனக்கு. உங்கள் வீட்டில் இரவு பத்துக்கும் அமைதி இல்லையென்றால், இரண்டாயிரம் ரூபாய்க்குச் சீனாவிலிருந்து வரும் மூண்ட்ராப் சூ போன்ற காதடைப்பான் ரகத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். அதன் ஒலியை மருமகனே மறைவாகப் புகழ்வான்.

ஹெச்டி 600இல் ஆழத்து பாஸ் மட்டும் கொஞ்சம் குறைவு. அதற்குப் பணம் செலவில்லாத வழி இருக்கிறது. போனில் இலவச ஈக்வலைசர் ஒன்றை இறக்கி, அடியில் நாலு டெசிபல் ஏற்றினேன். தொப்பி பேச ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மாமா! ஈக்யூவா? ஆர்ட்டிஸ்ட் நெனச்ச சவுண்ட மாத்தறீங்க!"

"ஆர்ட்டிஸ்ட் ரவை வெச்சிருந்தாருடா. நடுவுல எவனோ சுரண்டிட்டான். நான் திருப்பி வைக்கறேன்."

வாங்கி மாட்டிக்கொண்டான். ஓடிக்கொண்டிருந்தது எண்பதுகளில் கேசட்டில் பதிந்த ஒரு கச்சேரி. ஒரு பல்லவி முடியும்வரை பேசவில்லை. கால் மட்டும் தாளம் போட்டது. அப்புறம் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வருதே?" என்றான்.

"அது டேப்பு. முன்னாடியெல்லாம் சுமாராத்தான் கேக்கும். இப்பதான் இவ்வளவு தெளிவாக் கேக்குது."