திறப்பு உரசிய சத்தம்

1986ஆம் ஆண்டு. நான் லண்டனுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் மூன்று பெடியன்களாக இருந்தோம். சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டுக்கார அம்மா எங்களைக் கீழே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்துவார். 'டொக்டர் ஹூ' போகும். காலம் கடந்து பயணிக்கும் நீலப் பெட்டி ஒன்று, மூச்சிழுப்புக்காரர் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்துச் சத்தம் போட்டபடி நின்ற இடத்திலிருந்து மறையும். கதையில் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அந்தச் சத்தம் முழுதாக விளங்கியது. இருந்த இடத்தை விட்டுப் போகிற சத்தம் அது.

"இது தொடங்கினது உந்தத் தெருவிலதான்" என்று வீட்டுக்கார அம்மா ஒருநாள் லைம் குரோவ் பக்கம் கையைக் காட்டினார். நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் கடந்துபோன பிபிசி கட்டடம். அதற்குள் நடந்ததை அறியவேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. இன்றுவரை விடவில்லை.

1963இல் பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன், கனடாக்காரர். சனிக்கிழமை பின்னேரம் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் பாட்டு நிகழ்ச்சிக்கும் நடுவில், குடும்பமே கூடிப் பார்க்க ஒரு தொடர் வேண்டுமென்றார். தயாரிப்பாளராக அவர் கொண்டுவந்த வெரிட்டி லாம்பெர்ட்டுக்கு வயது 27. பிபிசி தொலைக்காட்சி நாடகத் தயாரிப்பாளர்களில் அப்போது வேறு பெண் இல்லை. முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைனுக்கு 24. லக்னோவில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவர். எழுத்தாளர் அத்தியா ஹொசைனின் மகன். வெள்ளைக்கார ஆண்களே முடிவெடுத்துப் பழகிய ஒரு கட்டடத்தில் ஒரு பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் கையில் எடுத்த தொடர் இது. இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது லைம் குரோவின் 'டி' கலையகம். இடம் சிறிது, விளக்குச் சூடு அதிகம், கமராக்களோ பாரம். ஓர் அத்தியாயத்துக்குச் செலவு சுமார் 2,300 பவுண். பதிவு நாடாவை வெட்டி ஒட்டுவது பெரும் செலவு என்பதால், மேடை நாடகம்போல ஒரே ஓட்டமாக நடித்து முடிக்க வேண்டும். தொடரின் நாயகனான டொக்டராக முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னல் வசனத்தில் தடுக்கினால், தடுக்கியதோடு அப்படியே போகும். தொடக்கத்தில் திரையில் புகைபோல நெளிந்து விரியும் கோலத்துக்கும் பெரிய கருவி இல்லை. கமராவை அதன் படமே தெரியும் திரைக்கு நேரே திருப்பிவைத்தார்கள். படம் தன்னையே தின்று வளர்ந்தது.

செப்டெம்பரில் எடுத்த முதல் அத்தியாயத்தைப் பார்த்த நியூமன், சரியில்லை, திரும்ப எடுங்கள் என்றார். ஒக்டோபரில் முழுவதையும் மறுபடி எடுத்தார்கள். அது 1963 நவம்பர் 23ஆம் திகதி ஒளிபரப்பானது. முதல்நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் முதல் அத்தியாயத்தை மீண்டும் போட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். மெய்டா வேலில் பிபிசியின் ஒலிப் பட்டறை இருந்தது. அங்கே பிரையன் ஹொட்ஜ்சன் என்ற இளைஞர், உடைந்த பழைய பியானோ ஒன்றின் தடித்த தந்தியில் தன் தாயாரின் வீட்டுத் திறப்பை உரசினார். அதைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து, பின்புறமாக ஓடவிட்டு, எதிரொலி சேர்த்து, காலத்தைக் கிழித்துப் போகும் சத்தத்தை உண்டாக்கினார். தொடக்க இசையை ரொன் கிரெய்னர் எழுத, அதே பட்டறையின் டெலியா டெர்பிஷயர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிந்து, நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி உருவாக்கினார். பெயர்ப்பட்டியலில் கிரெய்னரின் பெயரும் பட்டறையின் பெயரும் மட்டுமே வந்தன. டெலியாவின் பெயர் திரையில் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது. அவர் 2001இலேயே இறந்துவிட்டார். அந்த ஐம்பது வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைப் பிறகு பிபிசிக்காரர்களே அழித்தார்கள். நாடா விலை கூடியது. அழித்துவிட்டு வேறொன்றைப் பதியலாம். கறுப்பு வெள்ளையைத் திரும்ப யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. முதல் ஆறு வருடத்தின் 253 அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேல் இன்றும் கிடைக்கவில்லை.

இதற்காக அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒரு கசெட் இருந்தது. ஊர்க் கோயில் திருவிழாவில் அப்பா அரிச்சந்திரனாக நடித்த இரவு, சித்தப்பா அதைப் பதிந்து வைத்திருந்தார். புதுக் கசெட் வாங்கக் காசில்லாத ஒரு நாளில் அதன்மேல் நான் சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான், அந்தக் குரல் இனி எங்கும் இல்லை என்பது உறைத்தது.

'டொக்டர் ஹூ'வுக்கு அந்தக் கதி வராமல் காத்தவர்கள் பார்த்தவர்கள்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகளும் இளைஞர்களும் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, வீட்டில் இருந்தவர்களைச் சத்தம் போடவேண்டாமென்று கெஞ்சி, ஒலியைப் பதிந்தார்கள். படம் போன அத்தியாயங்களுக்கும் இன்று குரல் இருப்பது அவர்களால்தான். வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளும் திரும்பி வந்தன. 1990களின் தொடக்கத்தில் ஹொங்கொங்கிலிருந்து ஒரு முழுக் கதை வந்தது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் வந்தன.

இப்போது லைம் குரோவில் கலையகம் இல்லை. 1990களில் இடித்துவிட்டுக் குடியிருப்பு கட்டினார்கள். போன கோடையில் பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மாடி முகப்பில் உடுப்பு காய்ந்தது. ஒரு பிள்ளை சைக்கிள் ஓடியது. 1989இல் நின்றுபோய் 2005இல் மீண்டும் வந்த தொடரைத்தான் பேத்திக்குத் தெரியும். கணினியால் கிரகங்களையே உடைத்துக் காட்டுகிறார்கள். ஆனால் நீலப் பெட்டி மறையும்போது இன்றும் கேட்பது அந்தத் திறப்பின் உரசல்தான்.

வீட்டுக்கு வந்து, மகள் சின்னதில் பழகிய பழைய பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். செப்புக்கம்பி சுற்றிய தடித்த தந்திகள் சாய்ந்து ஓடின. வாசற்கதவுத் திறப்பைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். அவள் தந்தியில் மெல்ல இழுத்தாள். பலகை முழுவதும் அதிர்ந்தது.

"அம்மப்பா, இதுதானே அது?"

"இதேதான் பிள்ளை. அவர் பிறகு நாடாவை மெதுவாக ஓடவிட்டவர்."

கைத்தொலைபேசியில் அதைப் பதிந்தேன். இருபது செக்கன்தான். உரசல் அடங்கும் இடத்தில் அவளுடைய குரலும் விழுந்திருக்கிறது: "இன்னொருக்கா, அம்மப்பா."