உங்களுக்கு மேல என்ன போடட்டும்?

சனிக்கிழமை சாயங்காலம் பீட்சா மாமா கையில் 555 நோட்டோடு ஹாலுக்குள் வந்துவிட்டால், எட்டரை வரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது என்று அர்த்தம். மளிகைக் கடையில் பாக்கி எழுதுகிற அதே குட்டி நோட்டுதான். இவர் கையில் அது ஆர்டர் புத்தகம். 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மற்றவர்களுக்கு எப்போதோ முடிந்துபோனது. அன்றைக்கு ஆசையாக ஈஸ்ட் வாங்கிய பலர், பிறகு சைக்கிளுக்கு மாறி, சைக்கிளையும் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். மாமா மட்டும் மாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கெப்பாலா பத்தாஸிலும் பெர்தாம் பக்கமும் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருவராவது தேறுவார். பசி தாங்காதவர்களுக்கு மாமாக் கடை ரொட்டி சானாய் இருக்கிறது என்று யாராவது நினைவூட்டினால், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னிக்கு வீட்ல பீட்சா" என்பார். அதற்கு மேல் அப்பீல் இல்லை.

"அண்ணி, உங்களுக்கு மேல என்ன போடட்டும்?" என்று ஆரம்பிக்கும். அண்ணி யோசித்தால் பட்டியல் ஒப்பிக்கப்படும்: கோழி, சாசேஜ், காளான், குடைமிளகாய், அன்னாசி, டின் சார்டின், நெத்திலி சம்பல், நேற்று மிஞ்சிய மட்டன் பிரட்டல், தைரியசாலிகளுக்குப் பெத்தாய். கோழி என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அடுத்த கேள்வி வரும். வறுத்ததா, அவித்ததா? வெங்காயம் வளையமாகவா, பொடியாகவா? சீஸ் கோழிக்கு மேலேயா, கீழேயா? பாதி கோழி பாதி காளான் என்றால் எந்தப் பாதி? ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போதுகூட இத்தனை கேள்வி கிடையாது. கடைசியில் பாட்டியிடம் வந்து நிற்பார். பாட்டி, "எதையாவது போடுப்பா" என்பார். மாமாவால் தாங்க முடியாத பதில் அது ஒன்றுதான். "எதையாவதுன்னா எப்படிம்மா எழுதுறது?" என்று பேனாவைக் காட்டுவார். நம் வீடுகளில் சமைக்கிறவருக்குத் தரப்படும் உச்சபட்ச மரியாதை அந்த ஒரு சொல்தான் என்பது அவருக்குப் புரிவதில்லை. 'உன் கையை நம்புகிறேன், நீ போட்டால் தின்பேன்' என்று பாட்டி சொல்கிறார். மாமாவுக்கு அது நிரப்பாமல் விட்ட கட்டமாகத் தெரிகிறது.

இந்தப் பட்டியல் சாப்பிடுகிறவர்களுக்காக இல்லை, எழுதுகிறவருக்காக என்பதே என் கட்சி. கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால் அவரை நம்பலாம். அன்னாசி கேட்ட பையனுக்கு முதலில் ஒரு பிரசங்கம் கிடைக்கிறது: அன்னாசி போட்டால் இத்தாலிக்காரன் அழுவான். சொல்லும்போதே மாமாவின் இடது கை பெத்தாயை உரித்துக்கொண்டிருக்கிறது. பெத்தாயைப் பார்த்து இத்தாலிக்காரன் சிரிப்பானா என்று கேட்க யாருக்கும் தெம்பில்லை. அன்னாசி பீட்சாவை 1962-இல் போட்டுப் பார்த்தவர் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துச் சாத்தம் ஊரில் உணவகம் நடத்திய சாம் பனோபுலோஸ். கிரேக்கத்தில் பிறந்தவர். வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தது, அப்படியே விட்டுவிட்டார், யாரையும் விசாரிக்கவில்லை. மாமா அடிக்கடி சாட்சிக்கு இழுக்கும் நேப்பிள்ஸுக்கே போவோம். 1870-இல் தொடங்கிய டா மிக்கேலே என்ற பெயர்பெற்ற கடையில் நெடுங்காலம் கிடைத்தது இரண்டே வகை: மார்கெரிட்டா, மரினாரா. மாமா போன்றவர்கள் நோட்டோடு அங்கே போய் நின்றிருந்தால், 'ரெண்டுல எது?' என்பதோடு வேலை முடிந்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பீட்சா சுடும் கலையைத்தான் 2017-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆர்டர் எடுக்கும் கலையைச் சேர்த்ததாகத் தகவல் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் மாமாவுக்குச் சாதகமாக எதுவும் வருவதில்லை. நேப்பிள்ஸ் விறகடுப்பில் சூடு ஏறக்குறைய 485 டிகிரி வரை போகும். ஒரு பீட்சா 60 முதல் 90 வினாடிக்குள் வெந்து வெளியே வரும். மாமாவின் மின்சார ஓவன் மூச்சைப் பிடித்தால் 250. அதில் ஒரு தட்டுத்தான் நுழையும். ஒன்பது பேருக்கு ஏழு தட்டு, தட்டுக்குக் கால்மணி என்று வைத்தால், எட்டேகாலுக்கு முதல் தட்டு உள்ளே போனால் கடைசித் தட்டு வெளியே வரும்போது பத்து மணி. நடுநடுவே மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இருக்கிற சூட்டையும் வெளியே விடுவார். மாவும் அதுவரை சும்மா இருப்பதில்லை. முப்பது டிகிரி வெக்கையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும்; ஐந்தாவது உருண்டை முறை வருவதற்குள் பொங்கித் தளர்ந்து, புளித்து, கையில் எடுத்தால் வழிகிறது. அதன் மேல் காளானும் வெங்காயமும் அன்னாசியும் குவிந்தால் மூன்றும் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை வற்றவைக்க 250 டிகிரிக்குச் சக்தி போதாது. ஓரம் கருகி, நடு கூழாகி வருவதை, "நடுவுல சாஃப்டா இருக்கணும்" என்று மாமா விளக்குவார். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத்தான் இத்தனை பாடு என்பது அவர் சொல்லும் காரணம். ஆனால் கிளினிக்கில் நம்பர் எடுத்தவர்கள் மாதிரி ஒவ்வொருவராகக் கூப்பிடப்பட்டு, முதலில் தின்றவர் பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கடைசி ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நம் வீடுகளில் எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிடுவதில்லை. புரட்டாசிச் சனியில் பெரியவர்கள் சைவம். வருஷம் முழுக்கச் சைவமாக ஒரு அத்தை இருப்பார். சீன மருமகள் குவான் யின் வழிபாட்டால் மாட்டிறைச்சி தொடமாட்டார். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வந்தால் ஹலால் பார்க்கவேண்டும். ஆகவே பல வகை தேவைதானே? தேவைதான். அதற்கு இரண்டு வகை போதும், சைவத்தை முதலில் சுட்டால் போதும். மாமா நோட்டில் எழுதிய வரிசைப்படிதான் சுடுவார். அதில் சைவம் நாலாவதாக வருகிறது. அதற்குள் பீட்சா வெட்டும் சக்கரக் கத்தி சார்டின் மேலும் மட்டன் மேலும் உருண்டுவிட்டு, விளிம்பில் ஒரு நூல் சீஸும் ஒரு துணுக்கு மீனுமாகச் சைவத் தட்டில் இறங்குகிறது. அத்தை கத்தியைப் பார்ப்பார், மாமாவைப் பார்ப்பார், "எனக்குப் பசிக்கலைப்பா" என்று எழுந்துவிடுவார்.

பிள்ளைகளும் சேர்ந்து செய்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. இதை ஒப்புக்கொள்கிறேன். குடைமிளகாயைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, தானே அதை வாயாகவும் மூக்காகவும் அடுக்கிய முகத்தை மறுபேச்சில்லாமல் தின்கிறது. பத்து நிமிஷமாவது போனைக் கீழே வைக்கிறது. மாமாவிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு. எல்லோரும் தின்ற பிறகே அவர் தின்பார். மிஞ்சிய மாவில் மிஞ்சிய எல்லாவற்றையும் போட்டுப் பத்தேகாலுக்கு ஒன்று சுடுவார். அதற்குள் ஓவனும் ஒருவழியாகச் சூடாகியிருக்கும். அன்றைய பீட்சாக்களில் நன்றாக வருவது அதுதான். கேட்டு வாங்க ஆளில்லாத, எதையாவது போட்ட பீட்சா. அதை நின்றுகொண்டே தின்னும்போது பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்.

ஆனால் இதே வீட்டுத் தோசைக்கல்லில் மாமாவின் மனைவி, ஒருவருக்கு நெய், ஒருவருக்கு முட்டை, ஒருவருக்கு வெங்காயம், பாட்டிக்கு எண்ணெய் குறைத்து மெல்லிசாக என்று தினமும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அதுவும் ஒவ்வொன்றாகத்தானே வருகிறது என்று கேட்கலாம். வருகிறது, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாக. தட்டில் இருப்பதை முடிப்பதற்குள் அடுத்தது விழுகிறது. யார் யாருக்கு எது என்பது அவருக்கு நோட்டில்லாமல் தெரியும். அந்தத் தோசையை யாரும் போட்டோ எடுப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி சீஸ் கருகி ஒட்டிய ஏழு தட்டும் அவர் பக்கம்தான் வந்து சேருகின்றன. உதவி செய்கிறேன் என்று மாமா கெட்டிலில் இருந்த வெந்நீரை மாவு பிசைந்த பாத்திரத்தில் ஊற்றுவார். ஒட்டின மாவுக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்றவேண்டும். வெந்நீர் பட்டால் வெந்து பசையாகிவிடும், பிறகு கரண்டியால் சுரண்டினாலும் வராது. அந்த அம்மா இதை எத்தனையோ சனிக்கிழமை சொல்லியாயிற்று. அதை மட்டும் அவர் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.